தன்னை அறிதலும் தன்னைச் சொல்லுதலும்: இமாம் கஸ்ஸாலியின் ‘அல்-முன்கித்’ குறித்துச் சில கேள்விகள்

நமது பயான் மேடைகளில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு வாசகம் உண்டு. தன்னை அறிந்தவர் தன் றப்பை அறிந்தவராவார் என்ற கருத்துடையது. ஹதீஸ் என்றே பலர் சொல்லிவிடுகிறார்கள். நபி (ஸல்) அவர்களிடமிருந்து வந்ததாக அது உறுதிப்படவில்லை என்று இமாம் நவவி (ரஹ்) சொல்லியிருக்கிறார். யஹ்யா இப்னு முஆத் அர்-ராஸி என்ற ஆரம்பகால சூபிப் பெரியாரின் கூற்றாகவே அறிஞர்கள் அதைக் காட்டுகிறார்கள். யாருடைய கூற்றாக இருந்தாலும் தமிழ் முஸ்லிம்களின் ஞான இலக்கியத்துக்குள் அது நன்றாக ஊறிப்போய்விட்டது. குணங்குடி மஸ்தான் சாகிபைப் படித்தாலும் சித்திலெவ்வையின் அஸ்றாறுல் ஆலத்தைப் படித்தாலும் அதன் வாசனை வராமல் இராது.

எனக்குள்ள பிரச்சினை அந்த வாசகத்தின் முதற்பாதியில்தான். பின்பாதியை விளக்க மணிக்கணக்காகப் பேசுகிறோம். முதற்பாதியையோ, சட்டைப்பையில் கிடக்கிற திறப்பு மாதிரி, கையை விட்டால் எடுத்துவிடலாம் என்று நினைத்துக் கடந்து போகிறோம். ஒரு மனிசனால் தன்னை உண்மையாகவே அறிந்துகொள்ள முடியுமா? ‘நான் இதை இன்ன காரணத்துக்காகச் செய்தேன்’ என்று ஒருவர் சொன்னால், அது அவருக்குத் தெரிந்த விசயமா, அல்லது அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட கதையா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இமாம் அபூ ஹாமித் அல்-கஸ்ஸாலி (ரஹ்) எழுதிய ‘அல்-முன்கித் மினழ் ழலால்’ நூலை மறுபடி வாசித்தேன். வழிகேட்டிலிருந்து மீட்பது என்று தலைப்புக்குப் பொருள் சொல்லலாம். மொண்ட்கொமரி வொட் 1953இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு என் கையில் இருந்தது. சிறிய நூல். ஓர் இரவில் முடித்துவிடலாம். முடித்த பிறகுதான் அது ஆளை விடாமல் பிடிக்கிறது.

நூலின் மையமான சம்பவம் எல்லோரும் அறிந்தது. ஹிஜ்ரி 488, றஜப் மாதம், கி.பி. 1095. பக்தாத் நிளாமிய்யாவில் இமாம் தலைமைப் பேராசிரியர். முந்நூறு மாணவர்கள். ஆட்சியாளர்கள் மதிக்கிறார்கள். அந்த நேரத்தில் தன் நிலைமையை ஆராய்ந்து பார்க்கிறார். தான் படிப்பித்துக் கொடுப்பதன் நோக்கம் என்னவென்று தன்னையே கேட்கிறார். அது அல்லாஹ்வுக்காக மட்டும் இருக்கவில்லை. பெயரும் புகழுமே தன்னை இயக்குகின்றன என்று காண்கிறார். இடிந்து விழப்போகும் கரையின் விளிம்பில் நிற்பது போன்ற பயம் வருகிறது. ஒரு காலை முன்னே வைப்பார், மறு காலைப் பின்னே இழுப்பார். காலையில் மறுமை நாட்டம் சுத்தமாக எழும். மாலையில் ஆசையின் படை வந்து அதைக் கலைத்துவிடும். ஏறத்தாழ ஆறு மாதம் இந்த இழுபறி. கடைசியில் நாக்குப் பூட்டிக்கொள்கிறது. ஒரு நாளாவது மாணவர்களுக்குப் பாடம் சொல்லலாமென்று முயல்கிறார், ஒரு சொல்லும் வெளிவரவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. வைத்தியர்கள் இது உள்ளத்திலிருந்து உடம்புக்கு இறங்கிய நோய் என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் பதவியை விட்டு வெளியேறுகிறார். மக்காவுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு சிரியாவுக்குப் போகிறார்.

வாய் திறந்து படிப்பிக்கிறதே தொழிலான என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பக்கங்கள் சும்மா வாசித்துப்போகிற பக்கங்கள் அல்ல. ஆனால் நான் சொல்ல வருவது வேறு. இமாம் தன் உள்ளத்தைப் பார்த்து ‘புகழ் ஆசை’ என்று கண்டுபிடித்தது எப்படி? அது சரியான விடைதான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? நூலில் இதற்குப் பதில் இல்லை. உற்றுப் பார்த்தேன், கண்டேன் என்கிறார். அவ்வளவுதான்.

இன்னொரு விசயத்தையும் இமாமே பதிவுசெய்திருக்கிறார். நமது எழுத்தாளர்கள் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. அவர் பக்தாதை விட்டுப் போனதும் ஊர் முழுக்கக் காரணம் தேடியது. ஈராக்குக்கு வெளியே தூரத்தில் இருந்தவர்கள், ஆட்சியாளரோடு ஏதோ பிணக்கு, அந்தப் பயத்தில் போய்விட்டார் என்றார்கள். கிட்ட இருந்தவர்களோ, ஆட்சியாளர்கள் அவரை விடாமல் கெஞ்சியதைக் கண்ணால் கண்டவர்கள். அவர்களுக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை. இது வானத்திலிருந்து வந்த விதி, இஸ்லாத்துக்கும் அறிஞர் கூட்டத்துக்கும் பட்ட கண்ணூறு என்றார்கள். பிறகு வந்த ஆய்வாளர்களும் விடவில்லை. 1092இல் வஸீர் நிளாமுல் முல்க் கொல்லப்பட்டார்; பாத்தினிகளின் கத்திக்குப் பயந்துதான் இமாம் வெளியேறினார் என்று இருபதாம் நூற்றாண்டில் ஃபரீத் ஜப்ர் எழுதினார். ஆக ஒரே ஆள், ஒரே பயணம், நாலு காரணம். அந்த நாலில் ஒன்றுதான் அவரே சொன்னது.

இதை வாசிக்கும்போது நான் வேலை செய்கிற விசுவமடுப் பக்கத்து விசயம் ஒன்று நினைவுக்கு வராமல் இருக்கவில்லை. பரந்தன் முல்லைத்தீவு வீதியில், இரண்டு மாவட்டங்களின் எல்லையை ஒட்டிக் கிடக்கிற ஊர் இது. 2009 தொடக்கத்தில் யுத்தம் இதற்கு மேலாலேயே உருண்டு போனது. யுத்தத்துக்குப் பிறகு சிவில் பாதுகாப்புத் திணைக்களம் இங்கே பண்ணைகளையும் முன்பள்ளிகளையும் நடத்தி, முன்னாள் போராளிகள் உட்படப் பலருக்குச் சம்பளத்தோடு வேலை கொடுத்தது. அதற்குப் பொறுப்பாக இருந்த படையதிகாரி கேணல் ரத்னப்பிரிய பந்து 2018 யூன் மாதம் இடமாற்றம் பெற்றுப் போனார். பிரியாவிடையில் சனம் அவரைத் தோளில் தூக்கிச் சென்றது. பெண்களும் ஆண்களும் கண்ணீர் விட்டு அழுத படங்கள் தமிழ்ப் பத்திரிகைகளிலும் சிங்களப் பத்திரிகைகளிலும் வந்தன.

அந்தக் கண்ணீருக்கு விளக்கம் சொல்லாத ஆளில்லை. கொழும்பில் இருந்தவர்களுக்கு அது நல்லிணக்கத்தின் அத்தாட்சி. யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்த பலருக்கு அது அடிமைப் புத்தி, அல்லது அழச்சொல்லி அழவைத்த நாடகம். கொஞ்சம் நிதானமாக எழுதினவர்கள் சம்பளம், வறுமை, நுண்கடன், வேலையில்லாப் பிரச்சினை என்று பொருளாதாரக் காரணம் சொன்னார்கள். அழுதவர்களிடம் போய்க் கேட்டவர்கள் குறைவு. ஒருமுறை எங்களோடு கதைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், அன்றைக்கு அங்கே நின்றவ, சொன்னா: “எனக்கு அழுகை வந்தது, நான் அழுதனான் சேர். ஏன் எண்டு எல்லாரும் எனக்கு விளங்கப்படுத்தினம். எனக்கே இன்னும் சரியா விளங்கேல்ல.” இந்தப் பதிலில் இருக்கிற நேர்மை அந்தப் பத்திரிகைக் கட்டுரைகளில் இல்லை.

அதே ஊரில்தான் தேராவில் துயிலும் இல்லமும் இருக்கிறது. நொவெம்பர் 27ஆம் திகதி அங்கே விளக்கேற்றுகிற கைகளுக்கும் அன்று தோள் கொடுத்த கைகளுக்கும் இடையில் கோடு கிழிக்க முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்று உண்மை, மற்றது வேஷம் என்று தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்வது சுகம். பக்தாதுக்கு வெளியே இருந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் கிட்ட இருந்தவர்களுக்கும் விளங்கவில்லை என்பதுதான் இமாம் தருகிற கூடுதல் தகவல். சம்பந்தப்பட்ட ஆளுக்கே விளங்குமா என்பது அதற்கும் அடுத்த படி.

நவீன உளவியலில் இதைப் பற்றிப் பெயர்போன ஓர் ஆய்வுக் கட்டுரை உண்டு. றிச்சர்ட் நிஸ்பெட், திமொதி வில்சன் என்ற இருவர் 1977இல் எழுதியது. கடையொன்றில் ஒரே மாதிரியான நாலு சோடி நைலோன் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களிடம் கேட்டார்கள். நாலுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் வலப்பக்கக் கடைசியில் இருந்ததைத்தான் அதிகம் பேர் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது நெசவு, மென்மை என்று காரணம் சொன்னார்கள். வைத்த இடம் காரணமாயிருக்குமா என்றால் இல்லையென்று மறுத்தார்கள். காலுறைக்கே இந்தக் கதி என்றால் ஹிஜ்ரத்துக்கும் யுத்தத்துக்கும் கண்ணீருக்கும் காரணம் சொல்லும்போது நாம் எவ்வளவு நிச்சயமாக இருக்கலாம்?

மீண்டும் நூலுக்கு வருவோம். முன்கித் ஒரு தன்வரலாறு என்று பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. நான் அதை ஒரு வாக்குமூலம் என்று சொல்வேன். வித்தியாசம் இருக்கிறது. வாக்குமூலம் ஒரு குற்றச்சாட்டை எதிரே வைத்துக்கொண்டு எழுதப்படுவது. பதவியைத் துறந்து பத்து வருசத்துக்கும் மேலான பின், ஹிஜ்ரி 499இல், வஸீர் ஃபக்ருல் முல்க் அழைத்ததன் பேரில் இமாம் நிஷாப்பூர் நிளாமிய்யாவுக்குப் போய் மறுபடி படிப்பிக்கத் தொடங்கினார். இத்தனைக்கும் இடையில் அல்-கலீல் நகரில் இப்றாஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று, இனி ஆட்சியாளரிடம் போவதில்லை, அவர்களின் பணத்தைத் தொடுவதில்லை, விவாதம் செய்வதில்லை என்று உறுதி எடுத்திருந்தார். இந்தச் செய்தி அவருடைய பாரசீகக் கடிதமொன்றில் இருக்கிறது. அப்படிப்பட்டவர் அரச மத்ரஸாவுக்குத் திரும்பினால் ஊர் சும்மா இருக்குமா? எதிரிகள் கிளம்பினார்கள். முன்கித் அந்தச் சர்ச்சையின் சூட்டில், தன்னை நியாயப்படுத்த எழுதப்பட்டது என்று கெனத் கார்டன் 2014இல் வந்த தன் நூலில் வாதிடுகிறார். எல்லா இடத்திலும் அவரோடு நான் ஒத்துப்போகவில்லை. இந்த இடத்தில் அவர் சொல்வது சரியென்றே படுகிறது.

ஏனென்றால் நூலின் கட்டுமானமே அதைக் காட்டிக்கொடுக்கிறது. உண்மையைத் தேடுவோர் நாலு வகுப்பினர் என்று இமாம் பிரிக்கிறார். கலாம் அறிஞர்கள், பாத்தினிகள், தத்துவவாதிகள், சூபிகள். ஒவ்வொருவரிடமும் போய்ப் பார்த்து, குறை கண்டு, கடைசியில் சூபிகளிடம் வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார். வாசிக்க மிகவும் நன்றாக இருக்கிறது. ஆனால் இது வாழ்க்கையின் வரிசை அல்ல, பாடத்திட்டத்தின் வரிசை. அலகு ஒன்று, அலகு இரண்டு என்று பிரித்துப் படிப்பித்தே பழகிய கைக்கு அது உடனே தெரியும். இளமையிலேயே அவர் தூஸ் பகுதியின் சூபி ஷெய்கு ஃபார்மதீயிடம் இருந்தவர். சொந்தத் தம்பி அஹ்மத் பெயர்பெற்ற சூபி. கடைசியில் கண்டடைந்த கதவு என்று நூல் சொல்கிற கதவு, அவருடைய வீட்டுக்குள்ளேயே திறந்து கிடந்தது. இமாம் பொய் சொன்னார் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது, நஊது பில்லாஹ். தன்னைச் சொல்லத் தொடங்குகிற எவரும் வரிசைப்படுத்துகிறார். வரிசைப்படுத்தாமல் சொல்ல முடியாது. சொல்லச் சொல்ல அந்த வரிசையே ‘நான்’ ஆகிவிடுகிறது. தன்னைச் சொல்வதைத் தன்னை அறிவதென்று நாம் எடுத்துக்கொள்வது இப்படித்தான்.

இன்னும் நுணுக்கமான இடம், திரும்பிப் போனதைப் பற்றிய பகுதி. அன்று படிப்பித்தது புகழுக்காக. இன்று படிப்பிப்பது புகழைத் துறக்கச் செய்யும் அறிவை. வெளியே பார்த்தால் திரும்பினது போல இருந்தாலும் நான் திரும்பவில்லை என்ற கருத்தில் எழுதுகிறார். பழைய கஸ்ஸாலியின் நிய்யத்தைத் தயவில்லாமல் கிழித்துப் போட்டவர், புதிய கஸ்ஸாலியின் நிய்யத்தை அவ்வளவு கடுமையாகச் சோதிக்கவில்லை. மனித இயல்பு அது. நேற்றைய என்னை நான் கோர்ட்டில் ஏற்றுவேன். இன்றைய நான் எப்போதும் நீதவானாகவே இருப்பான். ஆனாலும் இமாம் இமாம்தான். இதுதான் என் நிய்யத்து என்று சொல்லிவிட்டு, என்னைப் பற்றி அல்லாஹ்தான் அதை அறிவான் என்று எழுதுகிறார். தன்னையும் பிறரையும் திருத்த விரும்புவதாகவும், அது கைகூடுமோ இல்லையோ தனக்குத் தெரியாது என்றும் சொல்கிறார். முழு நூலிலும் எனக்கு அதிகம் பிடித்த இடம் இதுதான். முந்தின பக்கங்களின் நிச்சயம் இங்கே மெல்லத் தளர்கிறது.

இதே இமாம் இஹ்யா உலூமுத்தீனில் என்ன சொல்கிறார் என்று பார்த்தால்தான் விசயம் முழுமையாகும். நப்ஸைப் பயிற்றுவிப்பது பற்றிய பகுதியில், ஒருவர் தன் குறைகளை அறிவதற்கு நாலு வழி சொல்கிறார். உள்ளத்தின் நோய்களை அறிந்த ஒரு ஷெய்குவிடம் தன்னை ஒப்படைப்பது முதல் வழி. உண்மை பேசுகிற ஒரு கூட்டாளியைத் தன்மேல் கண்காணிப்பாளனாக வைத்துக்கொள்வது இரண்டாவது. எதிரியின் வாயிலிருந்து தன் குறையைக் கேட்டறிவது மூன்றாவது. மக்களோடு பழகி, அவர்களிடம் காணும் குறை தன்னிடமும் இருக்கிறதா என்று பார்ப்பது நாலாவது.

நாலையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். தனியே இருந்து கண்ணை மூடி உள்ளே பார்ப்பது இந்தப் பட்டியலில் இல்லை. முன்கித்தில் தானே உள்ளே பார்த்துத் தன்னைக் கண்டதாகச் சொல்கிறவர், மற்றவர்களுக்கு வழிசொல்லும்போது நாலு வழியையும் வெளியே கொண்டுபோய் வைக்கிறார். கூட்டாளி என்ற வழிக்கு உதாரணமாக உமர் (ரழி) அவர்களை அழைக்கிறார். உமர் (ரழி) ஸல்மான் (ரழி) அவர்களிடம் தன் குறைகளைச் சொல்லும்படி கேட்டார்கள். முனாஃபிக்குகளின் பெயர்களை நபி (ஸல்) அவர்கள் இரகசியமாகச் சொல்லி வைத்திருந்தது ஹுதைஃபா (ரழி) அவர்களிடம். அவரிடம் போய், அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேனா என்றும் கேட்டார்கள். உமருல் ஃபாறூக்! தன் ஈமானைப் பற்றி வேறொரு மனிதரிடம் விசாரிக்கிறார். அதைத் தன்னடக்கம் என்று சொல்லி நாம் தாண்டிவிடுகிறோம். நான் அதை அப்படியே, ஒரு கேள்வியாகவே வாசிக்கிறேன். தனக்குத் தெரியாதது இன்னொருவரிடம் இருக்கக்கூடும் என்று அவர் உண்மையாக நினைத்தார். அதனால் கேட்டார்.

தவறு மற்றப் பக்கமும் நடக்கலாம் என்பதற்கு ஸஹீஹ் முஸ்லிமில் வருகிற ஹன்ளலா (ரழி) அவர்களின் செய்தி இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் சபையில் இருக்கும்போது ஒரு நிலை, மனைவி மக்களிடம் போனால் வேறு நிலை. இதைக் கவனித்த அவர் தான் முனாஃபிக் ஆகிவிட்டதாகவே முடிவுகட்டிக்கொண்டார். அபூபக்கர் (ரழி) அவர்களும் தனக்கும் அப்படித்தான் என்றார்கள். இருவரும் போய்ச் சொன்னபோது, அதற்கொரு நேரம் இதற்கொரு நேரம் என்று நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஹன்ளலா தன்னைப் பற்றிக் கொடுத்த தீர்ப்பு பிழை. அதைத் திருத்த இன்னொருவர் தேவைப்பட்டார். ஸூறா அல்-ஹுஜுராத்தில் நாட்டுப்புற அறபிகள் தாங்கள் ஈமான் கொண்டுவிட்டோம் என்று சொன்னபோது, இல்லை, பணிந்துவிட்டோம் என்று சொல்லுங்கள் என்ற பொருளில் திருத்தம் வந்தது (49:14). அவர்களும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தங்களைப் பற்றித் தாங்கள் நினைத்ததைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இஹ்யாவின் மூன்றாவது வழிதான் நமக்குக் கசக்கிற வழி. எதிரியின் நாக்கு. முகத்துக்கு நேரே புகழ்ந்து குறையை மறைக்கிற நண்பனைவிட, குறையைச் சொல்கிற பகைவனிடம் அதிக பயன் உண்டு என்று இமாம் எழுதுகிறார். இதைத் தனி மனிதருக்கு மட்டும் வைத்துக்கொள்வதா? ஒரு சமூகத்துக்கும் ‘நான்’ இருக்கிறதல்லவா? அந்த ‘நானை’யும் நாம் எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம்?

1990 நம் எழுத்தின் மையம். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூர். ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்கள். முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் எல்லாம் வெறிச்சோடின. சுமார் 75,000 பேர். இது அநியாயம் என்பதில் இரண்டாவது கதை இல்லை. 2011இல் சட்டமும் சமூகமும் நம்பிக்கை நிதியத்தின் பிரஜைகள் ஆணைக்குழு அறிக்கை வரும்வரை இதை ஒழுங்காகப் பதிவுசெய்ய யாரும் முன்வராததும் அநியாயத்தின் மிச்சம்தான். நம் கவிதைகளும் சிறுகதைகளும் இந்த வருசத்தை விட்டு நகராததில் எனக்குக் குறை இல்லை.

என் குறை, அந்த எழுத்தும் முன்கித்தைப் போல வரிசை கட்டி நிற்கிறது என்பதுதான். நல்ல அயலவர்களாக இருந்தோம், துரோகம் நடந்தது, துரத்தப்பட்டோம், பொறுமையோடு இருந்தோம். ஒவ்வொரு அலகும் உண்மை. ஆனாலும் அதே 1990 ஓகஸ்டில், 12ஆம் திகதி, சம்மாந்துறைக்குப் பக்கத்து வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். வந்தவர்களில் முஸ்லிம் ஊர்காவல் படையினரும் இருந்தார்கள் என்று அந்த ஊர்ச்சனம் இன்றைக்கும் சொல்கிறது. நம் சிற்றிதழ்களில் வீரமுனையைப் பற்றி எத்தனை கதை வந்திருக்கிறது? ஒன்றை இன்னொன்றால் கழித்துக் கணக்கை நேராக்குகிற வேலை இதுவல்ல. காத்தான்குடியின் இரத்தம் வீரமுனையால் குறையாது, வீரமுனையின் இரத்தம் காத்தான்குடியால் குறையாது. நான் கேட்பது வேறு. நம்மைப் பற்றி நமக்குத் தெரியாத ஒரு துண்டு வீரமுனைக்காரரின் கையில் இருக்கிறதென்றால், ஹுதைஃபாவிடம் போன உமரைப் போல நாம் அங்கே போயிருக்கிறோமா?

மற்றத் தரப்புக்கும் இது பொருந்தும். 2002 ஏப்பிரல் 10ஆம் திகதி கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் 1990 வெளியேற்றம் பற்றிய கேள்வி வந்தபோது புலிகள் தரப்பு வருத்தம் தெரிவித்தது. நடந்து பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு, பத்திரிகையாளர் கேட்ட பின். அந்த வருத்தத்தை உண்மையா பொய்யா என்று தராசில் போடுவதில் எனக்கு இப்போது அக்கறை குறைந்துவிட்டது. கேட்டதால்தான் அந்தச் சொல் வெளியே வந்தது என்பது மட்டும் கவனத்துக்குரியது.

வகுப்பில் எனக்கு முன்னால் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் 1990ஐக் கேள்விப்பட்டதில்லை. 2009தான் அவர்களின் வீட்டுக் கதை. ஒரு தமிழ்ப் பாட நேரத்தில் முஸ்லிம்கள் இங்கிருந்து ஏன் போனார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. “போனார்கள்” என்றுதான் கேட்டது. அந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிற அறியாமைக்கு அந்தப் பிள்ளை பொறுப்பில்லை. நான் ‘போகவில்லை, அனுப்பப்பட்டார்கள்’ என்று திருத்தினேன். செய்வினை செயப்பாட்டுவினை படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அப்படியே வீரமுனையை நம் பிள்ளைகள் எந்த வினைச்சொல்லால் கேட்பார்கள் என்ற யோசனையும் வந்தது. கேட்பதற்கு முதலில் அந்தப் பெயரை யாராவது சொல்லியிருக்க வேண்டுமே.

முழுமையாகத் தன்னை அறிவது இந்த உலகத்தில் கிடைக்காது என்பதே அல்குர்ஆனின் பார்வை என்று எனக்குப் படுகிறது. மனிதன் எவ்வளவு சாட்டுச் சொன்னாலும் தனக்கெதிரான சாட்சி அவனேதான் என்று ஸூறா அல்-கியாமா சொல்வது (75:14-15) மறுமை பற்றிய பேச்சுக்கிடையில். தன் ஏட்டைத் தானே வாசித்துக் கணக்குப் பார்க்கச் சொல்வதும் (17:14) அன்றைக்குத்தான். அந்த ஏட்டை எழுதியதுகூட அவன் அல்ல. அல்லாஹ்வை மறந்தவர்களைத் தங்களையே மறக்கச் செய்துவிட்டான் என்ற எச்சரிக்கையும் (59:19) உண்டு. ஆரம்பத்தில் சொன்ன வாசகத்தோடு இதை வைத்துப் பார்த்தால் பாதை தலைகீழாக ஓடுகிறது. சூபிகள் இரண்டையும் இணைத்துப் பேசுவார்கள். அதற்குள் இறங்கினால் தனிக் கட்டுரை வேண்டும்.

முன்கித் தனியாகத் தராத ஒன்றை வேறொருவர் எழுதி வைத்திருக்கிறார். அப்துல் ஙாஃபிர் அல்-ஃபாரிஸி, நிஷாப்பூரைச் சேர்ந்த அறிஞர், இமாமின் சமகாலத்தவர். அவருடைய குறிப்பை ஸுப்கீ தன் தபகாத்தில் பாதுகாத்திருக்கிறார். பழைய கஸ்ஸாலியை அவருக்குத் தெரியும். கடுமையானவர், மற்றவர்களை இளக்காரமாகப் பார்த்தவர், தன் திறமையில் மயங்கியவர் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். திரும்பி வந்தவரிடம் பணிவைக் கண்டபோது இது வேஷம் என்றே முதலில் நினைத்தார். பிறகு அடிக்கடி போய், பழகி, விசாரித்து, தான் நினைத்தது பிழை, மாற்றம் உண்மைதான் என்ற முடிவுக்கு வந்தார். எதிரியும் இல்லை, கண்மூடி முரீதும் இல்லை. சந்தேகத்தோடு போய்ப் பல இரவுகள் கேட்டிருந்த ஆள்.

இமாம் மாறினார் என்பதை நான் முன்கித்தை வாசித்து நம்பவில்லை. ஃபாரிஸியை வாசித்துத்தான் நம்பினேன். தமிழில் யாராவது முன்கித்தை நல்ல பதிப்பாகக் கொண்டுவந்தால், அந்தக் குறிப்பையும் மொழிபெயர்த்துப் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும். நம்முடைய 1990 தொகுப்புகளுக்கும் அப்படியொரு பின்னிணைப்பு எழுதக்கூடிய ஆட்கள் வீரமுனையிலும் விசுவமடுவிலும் இருக்கிறார்கள். வயது போய்க்கொண்டிருக்கிறது அவர்களுக்கு.